தொள்ளாயிரம் வயது ஊரும் உறை பிரிக்காத படகும்

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் தோமிலோவுக்கு முந்நூற்றைம்பது வயது. ராணுவத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது ஐந்நூறு ஆகியிருந்தது. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அவனுக்குப் பால்பல் விழுவதற்குள் ஊர் எழுநூறைத் தாண்டிவிட்டது. வெனியமீன் கர்போவிச் நகர நிர்வாகத் தலைவராக வந்த பிறகு தொள்ளாயிரம் என்று முடிவாயிற்று. இதே வேகத்தில் போனால், நான் கண்ணை மூடுவதற்குள் எங்கள் ஊர் கடவுள் வானத்தையும் பூமியையும் பிரிப்பதற்கு முன்பே பேருந்து நிலையத்தோடு இருந்த ஊராகிவிடும்.

இதில் வீம்பு மட்டும் இல்லை. எங்கள் மாகாணத்தில் உருண்டையான வயது வந்த ஊருக்குத்தான் தார் வரும், விளக்குக் கம்பம் வரும், ஆளுநர் வருவார். முந்நூற்று எண்பத்துச் சில்லறை வயதுள்ள ஊருக்கு எவன் சாலை போடுவான்?

விழா ஏப்ரல் நடுவில் என்று அறிவித்தார்கள். தோமிலோவ் ஏப்ரலில்தான் நிறுவப்பட்டது என்பதற்கு ஆளுநரின் நாட்குறிப்பில் அந்த வாரம் ஒரு வியாழக்கிழமை காலியாக இருந்தது ஒன்றே ஆதாரம். வரலாற்றுக்கு அது போதும். புவியியலுக்குத்தான் போதவில்லை. ஏப்ரல் நடுவில்தான் உறைந்து கிடக்கும் லெம்ஷா ஆறு உடையும்.

லெம்ஷா எங்கள் ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு ஓடுகிறது. இந்தப் பக்கம் நிர்வாக அலுவலகம், மருத்துவமனை, அருங்காட்சியகம், கலாச்சார மாளிகை. எதிர்ப்பக்கம் மூடிப்போன மர ஆலையும் மூட முடியாத மனிதர்களும். நாங்கள் அவர்களை அக்கரைக்காரர்கள் என்போம். அவர்களும் எங்களை அப்படித்தான் சொல்வார்கள். குளிர்காலம் முழுக்க ஆறே சாலை, லாரிகூடப் போகும். கோடையில் மிதவைப் பாலம் போடுவார்கள். நடுவே, பனி உடைந்து பாளம் பாளமாக இடித்துக்கொண்டு போகும் சில வாரங்களுக்கு, அக்கரையும் சந்திரனும் எங்களுக்கு ஒரே தூரம்தான்.

அந்த நாட்களுக்காக மீட்புப் படையிடம் ஒரு காற்றுப் படகு இருந்தது. அடியில் காற்றை ஊதிக்கொண்டு பனி, தண்ணீர், சேறு எதன்மேலும் போகும். கிழடுதான், ஆனால் போகும். மார்ச் தொடக்கத்தில் அதைப் பழைய இரும்புக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஆளுநர் விழாவில் புதிய படகைப் பரிசளிக்கப் போகிறார். பழையது பக்கத்தில் நின்றால் புதியதன் அருமை தெரியாது அல்லவா? புதிய படகும் முன்கூட்டியே வந்து, தீயணைப்பு நிலையத்தில் தார்ப்பாய் போர்த்தி, சிவப்பு நாடா கட்டி நிறுத்தப்பட்டது. ‘புதிய படகு வந்துவிட்டது, பனி உடைவை நினைத்து அக்கரை மக்கள் யாரும் வீட்டைவிட்டு நகர வேண்டாம்’ என்று எங்கள் வாரப் பத்திரிகை முதல் பக்கத்தில் எழுதியது.

அந்த வரியை நம்பி நகராமல் இருந்தவள் தைசியா.

தைசியா, ரூஃபினா சவேல்யெவ்னாவின் ஒரே மகள். ரூஃபினா சவேல்யெவ்னா எங்கள் பள்ளியில் வரலாறும் புவியியலும் நடத்துகிறவர். இரண்டுக்கும் ஊரில் இருப்பது இவர் ஒருவர்தான். மகளைக் கொடுத்தது அக்கரையில். மருமகன் வடக்கே எரிவாயு வயலில் முறைவேலைக்குப் போயிருந்தான். தைசியாவுக்கு நிறைமாதம். அந்த மார்ச் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறி, பனிச்சாலையைச் சீக்கிரமே மூடிவிட்டார்கள். மூடுவதற்கு முந்தைய வாரம் எடுத்த ஸ்கேன் படத்தில் குழந்தை குறுக்கே கிடந்தது. திரும்பவில்லை என்றால் கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும், வலி எடுத்ததும் தாமதிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கத்தி இக்கரையில் இருந்தது. குழந்தை அக்கரையில் இருந்தது.

அக்கரையில் ஒரு செவிலி உண்டே என்பீர்கள். உண்டு. மார்ஃபா. அவளுக்கு நல்ல கனமான குரல். விழாப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாட ஆள் போதவில்லை என்று கர்போவிச் அவளைச் சாலை மூடுவதற்கு முன்பே இந்தப் பக்கம் வரவழைத்து, விடுதியில் தங்கவைத்து, நாளெல்லாம் பாடப் பழக்கினார்.

நான் கலாச்சார மாளிகையில் அக்கார்டியன் வாசிக்கிறவன். ஊரில் எது திறந்தாலும், எது மூடினாலும் நான் வாசித்தாக வேண்டும். அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை நான் கர்போவிச்சின் அறையில் இருந்தேன். ஆளுநர் காரைவிட்டு இறங்கும்போது எந்த மெட்டு, வரவேற்பு ரொட்டியும் உப்பும் நீட்டும்போது எந்த மெட்டு என்று அவர் எலுமிச்சை போட்ட தேநீரை உறிஞ்சியபடி தீர்மானித்துக்கொண்டிருந்தார். ரூஃபினா சவேல்யெவ்னா கதவைத் தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்தார். கம்பளிச் சால்வை ஒரு தோளிலிருந்து நழுவித் தொங்கியது. அவர் அப்படி வெளியே வருகிறவர் அல்ல.

"வெனியமீன் கர்போவிச், அந்தப் படகை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அக்கரைக்கு அனுப்புங்க."

"எந்தப் படகு?"

"தீயணைப்பு நிலையத்துல நிக்குதே, அது."

"அங்க படகு எதுவும் இல்லையே."

"தார்ப்பாய்க்கு அடியில என்ன இருக்கு, யானையா?"

"அது இன்னும் படகு இல்ல, டீச்சர்." கர்போவிச் கரண்டியைக் கோப்பையிலிருந்து எடுத்து நக்கிவிட்டு வைத்தார். "ஆளுநர் கையால சாவி குடுத்தாத்தான் படகு. அதுவரைக்கும் அது பரிசு. பரிசைக் குடுக்கறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாக்கறது நல்ல பழக்கமா? பசங்களுக்கு ஒழுக்கம் சொல்லித் தர்றவங்க நீங்க."

"என் பொண்ணுக்குக் குழந்தை குறுக்க கிடக்குது. அங்க வலி எடுத்தா ரெண்டு உசிரும் போயிடும்."

"ஐயோ, தெரியும், தெரியும். எனக்கு மட்டும் கவலை இல்லையா? ஒரு கீறல் விழுந்தாப் போதும். பனிக்கட்டி உரசின படகை ஆளுநர் பரிசாக் குடுத்தார்னு டிவில வந்துதுன்னா, தோமிலோவே இருக்காது. ஹெலிகாப்டருக்குச் சொன்னீங்களா?"

"சொன்னேன். பிரசவம் நோய் இல்லையாம். நோயா மாறினதும் கூப்பிடச் சொன்னாங்க."

"பாத்தீங்களா? படிச்சவங்களே பயப்படல." அவர் குரலைத் தாழ்த்தினார். "வியாழக்கிழமை வரைக்கும் கொஞ்சம் தள்ளிப்போட முடியாதா? நான் ஊரோட பொறந்த நாளையே தள்ளி வச்சிருக்கேன், டீச்சர்."

நான் அக்கார்டியனின் துருத்தியை மெல்ல மூடினேன். அது ஒரு முனகலோடு மூடிக்கொண்டது.

கர்போவிச் எழுந்து வந்து டீச்சர் எதிரே மேசையில் சாய்ந்துகொண்டார். அவருக்கும் ஒரு தேவை இருந்தது. விழாவில் ஊரின் வரலாற்றைப் பேச வேண்டியவர் ரூஃபினா சவேல்யெவ்னா. வேறு ஆள் இல்லை. அவரோ தொள்ளாயிரம் என்ற சொல்லை வாயில் வைக்க மாட்டேன் என்று குளிர்காலம் முழுக்கச் சாதித்து வந்தார். எங்கள் ஊரைப் பற்றி முதன்முதலில் எழுதியவர் வரி வசூலிக்க வந்த ஒரு குமாஸ்தா. லெம்ஷாத் துறையில் சில குடிசைகள், ஒரு படகோட்டி, அவனும் போதையில் இருந்ததால் காத்திருக்க நேர்ந்தது என்று எழுதிவைத்தார். எங்கள் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. ஊர் ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் டீச்சர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும்: ஆற்றைக் கடக்க முடியாதவர்கள் காத்திருந்த இடம், காத்திருந்து காத்திருந்து வீடு கட்டிக்கொண்டார்கள்.

"நீங்க தொள்ளாயிரம்னு சொல்லுங்க" என்றார் கர்போவிச். "கொஞ்சம் அழகாச் சொல்லுங்க. இளவரசர்கள், போர், பழைய வழக்கங்கள், உங்களுக்குத் தெரியாததா? விழா முடிஞ்சதும் படகு உங்களுது."

"முடிஞ்சதும்னா? உடனேவா?"

"விருந்து முடிஞ்சதும். ஆளுநர் இருக்கும்போது படகு சத்தம் போட்டா நல்லா இருக்காது."

ரூஃபினா சவேல்யெவ்னா தலையை அசைத்தார். ஒரு மனுஷி தன் தொழிலை விற்பதை நான் அவ்வளவு அருகில் பார்த்தது அதுதான் முதல் தடவை. விலை பேசக்கூட இல்லை.

வெளியே வந்ததும் இருவரும் கரைக்குப் போனோம். ஆறு இன்னும் பெரிதாக உடையவில்லை. கறுத்து, வியர்த்து, அங்கங்கே பிளந்து, கால் வைத்தால் இழுத்துக்கொள்ளும் நிலையில் உள்ளுக்குள் முனகிக்கொண்டிருந்தது. லுக்யான் கவிழ்த்துப் போட்ட மரப்படகின்மேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். மீட்புப் படையின் படகோட்டி அவன். வாய் நீளம் என்பதால் பதவி உயராதவன்.

"லுக்யான், சாவி இல்லாம அதைக் கிளப்ப முடியுமா?" என்று கேட்டார் ரூஃபினா சவேல்யெவ்னா. வாழ்க்கையில் ஒரு ஆப்பிள்கூடத் திருடாத பெண் கேட்ட கேள்வி அது.

"சாவியா? ஆணி இருந்தாப் போதும் எனக்கு, சவேல்யெவ்னா. ஆனா கர்போவிச்சுக்கு என்னைத் தெரியும். எஞ்சின்ல ஒரு பாகத்தைக் கழட்டித் தன் வீட்டுக்கே கொண்டுபோயிட்டார். ராத்திரி தலைகாணிக்கு அடியில வச்சுத் தூங்கறாராம். பொண்டாட்டி சொல்லிச் சிரிக்கறா."

"இந்த மரப்படகுல?"

லுக்யான் விதைத் தொலியைத் துப்பினான். சிரிக்கவில்லை. "போன தடவை ரெண்டு பேர் அப்படிப் போனாங்க. ஒருத்தனோட தொப்பி மட்டும் கரையேறிச்சு. நல்ல தொப்பி."

செவ்வாய்க்கிழமை வேறு ஒரு கூத்து நடந்தது. ஆளுநரின் கார் வரும் தெருவில் இற்றுப்போன மர வீடுகள் இருந்தன. அவற்றை மறைக்கப் பெரிய பெரிய துணிகளைத் தொங்கவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் புதிய சுவர், புதிய ஜன்னல், ஜன்னலில் சிவப்புப் பூத்தொட்டி, தொட்டிக்குப் பின்னால் ஒரு பூனை. ரூஃபினா சவேல்யெவ்னாவின் வீட்டுக்கும் ஒரு துணி விழுந்தது. அந்த வீட்டின் முன்ஜன்னலிலிருந்துதான் அக்கரை தெரியும். ஒவ்வொரு காலையும் மகள் வீட்டுப் புகைபோக்கியில் புகை எழுவதைப் பார்த்த பிறகே அவர் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். இப்போது ஜன்னலைத் திறந்தால் பூனையின் முதுகுதான் தெரிந்தது.

அவர் கத்தரிக்கோல் எடுத்து அந்தப் பூனை இருந்த இடத்தை வெட்டி எடுத்தார்.

புதன்கிழமை தெருவைப் பார்வையிட வந்த கர்போவிச் அந்த ஓட்டையைக் கண்டு மார்பைப் பிடித்துக்கொண்டார். துணியில் வரைந்த ஜன்னலின் நடுவே, தலைமுடி வாராத ஒரு பெண் தொலைநோக்கியோடு ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரூஃபினா சவேல்யெவ்னா! நாளைக்கு அங்க உக்காராதீங்க. ஆளுநர் உங்களை நிஜம்னு நினைச்சுடப் போறார்!"

அன்று பிற்பகல் ஆறு உடைந்தது. முதலில் பீரங்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். பிறகு இரவு முழுக்க ஓயாத அரைப்பு. கதவளவு, அறையளவு பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

வியாழன் காலையில் நான் கோட்டுக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது ரூஃபினா சவேல்யெவ்னா வாசலில் வந்து நின்றார். கையில் தொலைபேசி. அதை என் காதில் வைத்தார். தைசியாவின் குரல், மெலிதாக, மிகவும் மரியாதையாக:

"அம்மா, நீ பயப்படாத. ஆனா ஆரம்பிச்சிடுச்சுன்னு நினைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க. படகு எப்போம்மா வரும்?"

அவர் தொலைபேசியைத் திரும்ப வாங்கி, "வருது கண்ணு, இதோ வருது. படுத்துக்க, நடக்காத" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "விருந்து எவ்வளவு நேரம் நடக்கும்?" என்று கேட்டார்.

நான் பொய் சொல்ல நினைத்தேன். ஆனால் அந்த விருந்தில் நானும் வாசிக்க வேண்டியிருந்தது, சமையற்கட்டைப் பார்த்திருந்தேன். மீன் சூப்பு, உப்புக் காளான், மூன்று வகை அடைத்த ரொட்டி, முழுதாகச் சுட்ட பன்றிக்குட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவே கோப்பை தூக்கிப் பேச ஆட்கள். "இருட்டிடும்" என்றேன்.

ஆளுநர் வந்தார். நல்ல உயரம், நல்ல கோட்டு, தன்னைப் பார்ப்பவர்களைத் தானும் பார்ப்பதுபோல் பழகிய கண்கள். பின்னால் தொலைக்காட்சிக்காரர்கள், காவலர்கள், கையில் பலகைக் கணினி வைத்த ஒரு செய்திச் செயலாளர் பெண். துணிச்சுவர்கள் காற்றில் உப்பி, கப்பல் பாய்போல் அடித்துக்கொண்டன. ஆளுநர் அவற்றைப் பார்த்து, "அருமையாப் பராமரிக்கறீங்க" என்றார். கர்போவிச்சின் கண்ணில் நீர் துளிர்த்தது.

கரையில் மேடை. மேடைக்குப் பக்கத்தில் படகு. தார்ப்பாயை நீக்கினார்கள். ஆரஞ்சு நிறம், வயிற்றில் தங்க மீன். லுக்யான் சீருடையில், வாயைப் பூட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்றான். கழற்றிய பாகத்தைக் கர்போவிச் அன்று விடிந்ததுமே கொண்டுவந்து பொருத்தியிருந்தார். ஆளுநர் உட்கார்ந்து ஒருமுறை எஞ்சினை உறுமவிட்டுப் படம் எடுத்துக்கொள்வார், பிறகு விருந்து. அவ்வளவுதான் திட்டம்.

ரொட்டியும் உப்பும் ஆயிற்று. ஆளுநர் சாவியைக் கொடுத்தார். கைதட்டினோம். மார்ஃபாவின் குழு பாடியது. பிறகு கர்போவிச் ஒலிவாங்கியை ரூஃபினா சவேல்யெவ்னாவிடம் நீட்டினார். நீட்டும்போதே காதோடு, "சுருக்கமா. சூப்பு ஆறிடும்" என்றார்.

அவர் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார். மூச்சு முதலில் வெளியே கேட்டது, சொல் பிறகுதான் வந்தது.

"தொள்ளாயிரம் வருஷங்களுக்கு முன்னால்" என்று தொடங்கினார். கர்போவிச் கண்ணை மூடி நிம்மதியாக மூச்சுவிட்டார். "தொள்ளாயிரம் வருஷங்களுக்கு முன்னால், இதேபோன்ற ஒரு பனி உடைவு நாளில், ஓர் இளவரசர் இந்தக் கரைக்கு வந்தார். ஆற்றைக் கண்டு அவருடைய வீரர்கள் பின்வாங்கினார்கள். அவர் பின்வாங்கவில்லை. அக்கரையில் ஒரு பெண் பிரசவ வலியில் இருந்தாள். இளவரசர் தானே படகில் ஏறி, பனிக்கு நடுவே போய், அவளை இந்தப் பக்கம் கொண்டுவந்தார். அன்றுதான் தோமிலோவ் பிறந்தது."

ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போதையில் இருந்த படகோட்டி எங்கே போனான்?

"அதிலிருந்து எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பனி உடையும் நாளில் ஆட்சி செய்கிறவர் யாராவது இங்கே வந்தால், அவரே அக்கரைக்குப் போய், நிறைமாதக்காரி ஒருத்தியைக் கொண்டுவந்த பிறகுதான் விருந்தில் கைவைப்பார். கூடவே பாடத் தெரிந்த, மருத்துவம் தெரிந்த ஒரு பெண்ணும் போவாள். இது கோழைகளுக்கான வழக்கம் இல்லை. பல காலமாக அப்படி ஒருவர் வரவில்லை." அவர் ஆளுநரைப் பார்த்தார். "இன்று வந்திருக்கிறார்."

செய்திச் செயலாளர் பெண் கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். இலையுதிர்காலத்தில் தேர்தல். தொலைக்காட்சிக்காரன் சொல்லாமலே கேமராவை ஆளுநரின் முகத்துக்குத் திருப்பிவிட்டான். ஆளுநர் ஆற்றைப் பார்த்தார். ஆறு ஒரு பாளத்தைச் செங்குத்தாக நிமிர்த்திக் காட்டி முறித்துப் போட்டது.

"அப்படி ஒரு வழக்கம் இருக்கா?" என்று அவர் கர்போவிச்சிடம் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட மாட்டாயா என்ற கெஞ்சல் அந்தக் குரலில் இருந்தது.

கர்போவிச் கணக்குப் போட்டார். இளவரசர் இல்லை என்றால் ஊரும் பிறக்கவில்லை. தாருக்கு அனுமதி, விளக்குக் கம்பம், அவருடைய பதவி எல்லாம் அந்த இளவரசனோடு தண்ணீரில் போய்விடும்.

"இருக்குங்க" என்றார். "தொள்ளாயிரம் வருஷமா இருக்குங்க."

"பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?" என்றார் காவலர் தலைவர்.

"நான்" என்றான் லுக்யான். ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தான். "இளவரசரே, ஏறுங்க. தலையைக் குனிஞ்சு, தொப்பியைப் பிடிச்சுக்கங்க. இந்த ஆறு தொப்பியை மட்டும்தான் திருப்பிக் குடுக்கும்."

செய்திச் செயலாளர் பெண் காவலரின் கையைத் தட்டிவிட்டாள். மார்ஃபா, தங்க ஜரிகைத் தலையணியோடு பாடகர் வரிசையிலிருந்து பாய்ந்து வந்து படகில் விழுந்தாள். படகு உப்பி எழுந்து, அலறி, பனியின்மேல் ஏறியது.

"வாசி! நிறுத்தாம வாசி!" என்று கர்போவிச் என்னைப் பார்த்துக் கத்தினார். எந்த மெட்டு என்று இதற்கு நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை. கைக்கு வந்ததை வாசித்தேன். கல்யாண மெட்டு என்று பிறகு சொன்னார்கள்.

ஆரஞ்சுப் புள்ளி பாளங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போயிற்று. ஒருமுறை ஒரு பாளம் அதன் கீழே நழுவ, படகு பக்கவாட்டில் சரிந்தது. கரையில் பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள். நிமிர்ந்தது. வில்லோ புதருக்குப் பின்னால் மறைந்தது. அதற்குப் பிறகு எதுவும் தெரியவில்லை.

ரூஃபினா சவேல்யெவ்னா ஒலிவாங்கியைக் கீழே வைக்க மறந்து நின்றார். அவருடைய மூச்சு கரை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. தொலைபேசியில் மகளைக் கூப்பிட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. கர்போவிச் அவரருகே வந்து, உதடு வெளுத்து, "ஆளுநருக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களை என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது" என்றார். ஒலிபெருக்கி அதையும் ஊருக்குச் சொன்னது.

"என் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கும்தான்" என்றார் ரூஃபினா சவேல்யெவ்னா. அதையும் சொன்னது.

என் விரல்கள் மரத்துவிட்டன. மெட்டு தீர்ந்து, இரண்டாவது தடவையும் தீர்ந்து, மூன்றாவது தொடங்கியபோது புதருக்குப் பின்னாலிருந்து அந்த இரைச்சல் வந்தது.

திரும்பி வந்த படகின் முன்பக்கம் நீளக் கிழிந்திருந்தது. தங்க மீனுக்குத் தலை இல்லை. உள்ளே தைசியா படுத்திருந்தாள். மேலே ஆளுநரின் கோட்டு. மார்ஃபா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பாடவில்லை, இடைவிடாமல் திட்டிக்கொண்டிருந்தாள்: "மூச்சு விடுடி, முக்காத, முக்கினா அறைஞ்சுடுவேன்." ஆளுநர் சட்டையோடு, முழங்கால்வரை நனைந்து, தைசியாவின் துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் அரசாங்கம் எதுவும் மிச்சமில்லை.

"டாக்டர் எங்க?" என்று அவர் கத்தினார். "இங்க யாருமே இல்லையா? வண்டி எங்க?"

மருத்துவமனை வண்டி ஊர்வல அலங்காரத்தில் பலூன் கட்டி நின்றது. பலூன்களோடே போனது.

ரூஃபினா சவேல்யெவ்னா மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தை நான் விவரிக்க மாட்டேன். நானும் அங்கே இருந்தேன், தோளிலிருந்து அக்கார்டியனைக் கழற்றாமல். மருத்துவர் வெளியே வந்து, "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. கொஞ்சம் தாமதிச்சிருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்" என்றார். டீச்சர் சால்வையின் நுனியை வாயில் கடித்துக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஊருக்கு நல்லது.

ஆளுநரின் படம் தலைநகர்ச் செய்திகளில் வந்தது. கோட்டில்லாமல், மடியில் மூட்டையோடு. தேர்தலில் அமோகமாக ஜெயித்தார். குளிர்காலத்தில் ஓர் ஆணை வந்தது: தோமிலோவின் ‘இளவரசர் கடப்பு’ மாகாணத்தின் பாதுகாக்கப்பட்ட மரபு, இனி ஆண்டுதோறும் ஏப்ரலில் நடக்கும், மரபின் சூழலைக் குலைக்கக்கூடிய கட்டுமானம் எதுவும் ஆற்றின்மேல் வரக் கூடாது. அந்த வருஷம் வருவதாக இருந்த நிரந்தரப் பாலம் கைவிடப்பட்டது. அக்கரைக்காரர்கள் ரூஃபினா சவேல்யெவ்னாவைச் சந்தையில் கண்டால் வணக்கம் சொல்வதா, காறித் துப்புவதா என்று தெரியாமல் நின்றார்கள். அவரும் தெரியாமல்தான் நின்றார். பேத்தியைத் தூக்கி வைத்திருந்ததால் பெரும்பாலும் வணக்கம் சொன்னார்கள்.

பிப்ரவரியில் கர்போவிச் அவரைக் கூப்பிட்டனுப்பினார். புதிய நாட்டுப்புற மெட்டுகளுக்காக நானும் அங்கே இருந்தேன்.

"பெரிய சிக்கல், டீச்சர். வீடு வீடா விசாரிச்சுட்டேன். ஏப்ரலுக்கு அக்கரையில ஒருத்திக்கும் நிறைமாதம் இல்ல. நம்ம பக்கம் ரெண்டு பேர் இருக்காங்க. பனிச்சாலை மூடறதுக்கு முன்னாடி அதுல ஒருத்தியை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுடலாம்னு இருக்கேன். அப்பறம் ஆளுநர் போய்க் கூட்டிட்டு வந்துடுவார். உங்களுக்குச் சம்மதம்தானே?"

ஒரு பெண்ணை ஆபத்திலிருந்து மீட்பதற்காக ஆபத்தில் கொண்டுபோய் வைப்பது தன்னுடைய வாயிலிருந்து பிறந்தது என்று ரூஃபினா சவேல்யெவ்னாவுக்குத் தெரிந்தது. அவர் முகத்தில் அன்றைய ஆற்றங்கரை திரும்பி வந்திருந்தது.

"வழக்கம் அப்படி இல்ல, வெனியமீன் கர்போவிச்" என்றார்.

"பின்ன எப்படி?"

"அக்கரையில நிறைமாதக்காரி இல்லாத வருஷத்துல ஊர்த்தலைவரே அக்கரைக்குப் போயிடணும். பனி உடையறதுக்கு முன்னாடி. விருந்தாளி வந்து கூட்டிக்கிட்டுப் போற வரைக்கும் அங்கயே இருக்கணும். தொள்ளாயிரம் வருஷமா அப்படித்தான்."

கர்போவிச் என்னைப் பார்த்தார். நான் துருத்தியைப் பார்த்தேன்.

மார்ச் கடைசியில் அவர் பெட்டியோடும் ஊறுகாய் ஜாடியோடும் அக்கரைக்குப் போனார். மர ஆலையின் காவல் அறையில் தங்கினார். ஏப்ரலில் ஆறு உடைந்த மறுநாள், அவசர வேலை காரணமாக ஆளுநரின் வருகை தள்ளிவைக்கப்பட்டதாக மாகாணத்திலிருந்து தகவல் வந்தது. தேதி பிறகு அறிவிக்கப்படுமாம். ஆளுநர் இல்லாமல் படகு போனால் மரபு மீறலாகும் என்று கர்போவிச்சே கையெழுத்திட்ட உத்தரவு படகின்மேல் ஒட்டியிருந்தது.

ரூஃபினா சவேல்யெவ்னாவின் தொலைபேசி அடித்தபோது நாங்கள் அவர் வீட்டில் பேத்திக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தோம். பனி அரைபடும் சத்தத்துக்கு நடுவே, பல்வலிக்காரன்போல ஒரு குரல்:

"டீச்சர், இங்க கன்னம் வீங்கிடுச்சு. மார்ஃபாவையும் பாட்டுக்குன்னு நானே அந்தப் பக்கம் அனுப்பிட்டேன். விருந்தாளி வரவே இல்லைன்னா என்ன செய்யணும்னு அந்த வழக்கத்துல ஏதாவது இருக்கா?"

டீச்சர் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தார்.

"தேடிப் பாக்கறேன், வெனியமீன் கர்போவிச்" என்றார். "ரொம்பப் பழைய விஷயம் பாருங்க, நேரம் ஆகும்."